பேர் அழிந்த மிசினும் மஞ்சள் கவுனும்

ஊக்கின் முனையில் நாடாவைக் குத்திப் பூட்டி, உள்பாவாடையின் இடுப்புப் பட்டைக்குள் நுழைத்து, உள்ளே போகிற ஊக்கை வெளியிலிருந்து கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, துணியைச் சுருக்கிச் சுருக்கி நீவி விட்டு, சுற்றி வந்து மறு ஓட்டையில் தலைகாட்டும்போது பிடித்து இழுத்து, ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு மடித்து வைத்தால் ஒரு பாவாடை முடிந்தது, அடுத்ததை எடுக்கலாம். இந்த வேலைக்குக் கண் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். அதனால் இதைச் செய்யும்போது மட்டும் எனக்குள் பேச்சு தானாக வரும். ஆள் இருக்கிற இடத்தில் வராது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினதால் என்று எங்கள் அம்மா சொல்லும். அதெல்லாம் இல்லை, படிக்கிறபோதே டீச்சர் பேர் கூப்பிட்டால் சத்தம் வராமல் கையை மட்டும்தான் தூக்குவேன். இன்றைக்குப் பாவாடைக் கட்டு பெரிய கட்டு, மத்தியானம் வரைக்கும் வரும். அதற்குள் எங்கள் வீட்டுத் தையல் மிசினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இன்ன மிசின் என்று கண்டுபிடிக்க எங்கள் லைனில் எல்லாரும் பட்ட பாட்டையும் சேர்த்து.

எங்கள் லைன் என்பது ஈரோட்டில் பவானி ரோட்டை விட்டு உள்ளே வந்தால் இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, நடுவில் ஒரு நடை, நடையின் கடைசியில் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும், தலைக்கு மேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. யார் வீட்டில் என்ன துணி, எது கிழிந்தது, எது புதுசு என்று கொடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தறிக்குப் போய்த் திரும்புகிற வழியில் எங்கள் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையில், ஓட்டை வாளிக்கும் சைக்கிள் ரிம்முக்கும் நடுவில் அது குப்புறக் கிடந்ததைப் பார்த்து, நான் வாடகை மிசினுக்கு அலைகிறேனே என்று வாங்கி, தலையை மொபட்டின் முன்னால் நிற்க வைத்து, இரும்புக் காலைப் பின்னால் கயிற்றில் கட்டி, வண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். கறுப்பு மிசின். இடுப்பு ஒடுங்கி, கழுத்து நீண்டு, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி இருக்கும். முதுகில் தங்கக் கலரில் ஏதோ படம், பக்கத்தில் பித்தளையில் ஒரு வில்லை, அதில் வளைத்து வளைத்து இங்கிலீசு எழுத்து. எங்களில் அதைப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. கறுப்பாக இருந்தால் எல்லாமே சிங்கர்தான் என்று விட்டுவிட்டோம்.

புது மிசின் வீட்டுக்கு வந்தால் முதல் மிதி பெண்குழந்தை மிதிக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் வழக்கம். அப்போது என் மகள் தாரகைக்கு ரெண்டு வயசு. அவளைத் தூக்கிப் பிடித்து, மஞ்சள் தடவின காலை மிதி மேல் வைத்து அமுக்கினேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது, அவள் சிரித்தாள். அதன் பிறகு முதல் துணியாக அவளுக்கே ஒரு கவுன் தைத்தேன். சந்தையில் எடுத்த துண்டுத் துணி, மஞ்சளில் வெள்ளை வாத்துகள் வரிசையாகப் போகும், கழுத்துக்கு ஒரு நீலப் பட்டன் வைத்தேன். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிறபோது எல்லாரும் செய்கிற மாதிரி அடியில் உள்மடிப்பு நிறைய விட்டேன், வருசா வருசம் ஒரு மடிப்பாகப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று.

அந்த மிசினில் தைக்கிற துணி, போடுகிற பிள்ளையோடு சேர்ந்து வளரும் என்பது எங்களுக்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா ஒரு நாள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே, அவருடைய மகன் ஜெபினின் டவுசரை விரித்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்திலிருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறவர், டவுசர் அளவெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“கோகிலா, இது இவன் ஒன்னாப்புச் சேர்றப்ப நீ தச்ச டவுசருதான?”

“ஆமாங்க்கா.”

“பையன் இப்ப என்ற நெஞ்சு உசரத்துக்கு வந்துட்டான். டவுசரும் வந்துருச்சு. நான் ஒரு மடிப்புக்கூடப் பிரிக்கல.”

எதிர்வீட்டுப் பூவாத்தா அக்கா, இட்லி மாவு அரைத்து விற்கிறவர், மாவுக் கையோடு வந்து டவுசரைத் திருப்பி, உள்ளே மடிப்பு அப்படியே இருப்பதைப் பார்த்து, “துணியும் சோறு தின்னுருக்குமாட்ட இருக்கு” என்று சொல்லிவிட்டு மாவு புளித்துவிடும் என்று போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள், குடம் வைக்கிற வேலை இருந்தது. யாரும் அதற்கு மேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டது பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வீட்டுக்குப் புதுசாகக் குழாய் வந்தால் எப்படிப் பழகிக்கொள்வார்களோ அப்படி. லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் தைத்தேன், உள்மடிப்பு விடுகிற வழக்கமே எங்களிடம் நின்று போனது. துணி வளர்ந்ததே தவிரப் பட்டன் வளரவில்லை. அதனால் ரெண்டு பட்டனுக்கு நடுவில் தொப்புள் எட்டிப் பார்க்கும், நடுவில் ஒரு பட்டன் புதுசாக வைத்துக் கொடுப்பது எனக்குத் தனி வேலையாயிற்று. கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சட்டையில் கட்டமும் சேர்ந்து வளர்ந்தது. சின்ன வகுப்புக்குச் சின்னக் கட்டம், பெரிய வகுப்புக்குப் பெரிய கட்டம் என்று ஆகி, முதலில் பெரிய டீச்சர் இதென்ன ஆளுக்கொரு யூனிபாரம் என்று சத்தம் போட்டு, அப்புறம் பிரேயரில் நிற்கும்போது கட்டத்தைப் பார்த்தே எந்த வகுப்புப் பிள்ளை எந்த வரிசையில் என்று பிரிக்கச் சுலபமாக இருக்கிறது என்று அவரே அப்படியே விட்டுவிட்டார். லீவுக்கு ஜெபின் பெரியம்மா ஊருக்குப் போனபோது இங்கே ஆணியில் தொங்கின அவன் சட்டை தன்பாட்டுக்கு வளர்ந்தது, ரெஜினா அக்கா தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்து, ஒரு வாரம் அது வளராமல் இருந்ததும் போனைப் போட்டு, “அங்க என்ன போடறீங்க என்ற பையனுக்கு, வெறும் ரசமா?” என்று சண்டை பிடித்தார். பூவாத்தா அக்காவின் ஜாக்கெட்டும் வளர்ந்தது. ஆனால் அது மேலே வளரவில்லை, சுற்றளவில் வளர்ந்தது. “அளவு ஜாக்கெட்டு குடுக்கற வேலை முடிஞ்சுது அம்மணி, இனி நான் என்ன தின்னாலும் என்ற ஜாக்கெட்டு என்னோட இருக்கும்” என்பார்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை. என் கால் மிதித்து ஓட்டின மிசின், என் விரல் தள்ளின துணி. ஆனால் கொடியில் எல்லாத் துணியும் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போக, நடுவில் ஒன்று மட்டும் போட்ட இடத்தில் போட்ட நீளத்திலேயே தொங்கியது. அது என் தாரகையின் மஞ்சள் கவுன், இடது மார்பில் மூக்கு மாதிரி ஒரு வாழைக்காய்க் கறையோடு.

அவள் பிறக்கும்போதே எடை குறைவு. மூணு வயசில் ரெண்டு வயசு மாதிரி இருந்தாள், நாலு வயசிலும் ரெண்டு வயசு மாதிரியே இருந்தாள். நன்றாகத்தான் சாப்பிடுவாள், நன்றாகத்தான் பேசுவாள், ஓடுவாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்து, ரத்தம் எடுத்து, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும், பொறுத்துப் பார்க்கலாம் என்று டானிக் கொடுத்து அனுப்பினார்கள். பொறுக்கலாம், வீட்டுக்குள் என்றால் பொறுக்கலாம். கொடியில் தொங்கினால் எப்படிப் பொறுப்பது? முதலில் எல்லாம் பிள்ளை வளர்ந்ததா என்று யாராவது கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். இப்போது யாரும் கேட்க வேண்டியதே இல்லை. அண்ணாந்தால் தெரியும்.

ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து, நம் பிள்ளைகளுக்கு எல்லாம் செய்கிற மிசினை நாமே குளிப்பாட்ட வேண்டும் என்று அதைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார்கள். நான் எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும் என்று சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. புளி போட்டு, பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டு, தேங்காய் நாரால் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தார்கள், பித்தளைக் குடத்தை எப்படித் தேய்ப்பார்களோ அப்படி, அவ்வளவு ஆசையாக. தேய்த்து முடித்து, தலையைத் துவட்டுகிற மாதிரி துவட்டி, சந்தனம் குங்குமம் வைத்துப் பார்த்தால் மிசின் எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி மின்னியது. தங்கப் படம் போய்விட்டது. பித்தளை வில்லையில் ஒரு எழுத்தும் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. பூவாத்தா அக்கா அதில் தன் மூக்குத்தியைப் பார்த்துச் சரி செய்துகொண்டார்.

அதற்கு அடுத்த வாரமே பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது, இது என்ன கம்பெனி மிசின், எங்களுக்கும் இதே ஒன்று வேண்டும் என்று. அப்போதுதான் நாங்கள் எல்லாரும் மிசினைப் பார்த்தோம், மிசினும் எங்களைப் பார்த்தது.

“மயில் போட்டுருந்துச்சு. மயில் கம்பெனி” என்றார் பூவாத்தா அக்கா.

“மயிலா? அது சம்மனசுக்கா, தேவதூதரு. றெக்கை வெச்சு நின்னுச்சே” என்றார் ரெஜினா அக்கா.

“உனக்கு எல்லாமே சம்மனசுதான். தோகை இருந்துச்சு, நான் தேச்சப்பத்தான் தோகை போச்சு.”

“அப்ப நீங்கதான் அழிச்சீங்க.”

“நான் தோகைய அழிச்சேன், நீ தலைய அழிச்ச, சரியாப் போச்சு.”

எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு ரயில் மாதிரி இருந்தது என்றார். எனக்கு ஒரு கொடியும் அதில் ஒரு பூவும் ஞாபகம். நான் சொல்லவில்லை, ஏற்கெனவே மூன்று கம்பெனி ஆகிவிட்டது.

ரிப்பேர் பார்க்கிற சுப்புராயன் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். அவர் மிசினைச் சாய்த்துப் படுக்கப் போட்டு, அடிப் பலகையை நகர்த்தி உள்ளே கையை விட்டு, வட்டப் பாபின் இல்லாமல் படகு மாதிரி நீளமாக ஒன்று இருப்பதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். லைனே எட்டிப் பார்த்தது. “படகு வெச்ச மிசினுங். வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். நம்பர் எங்கீங்?” நம்பர் இருந்த இடத்தில் எத்தனையோ வருசச் சந்தனம் கல்லாகி அடைத்திருந்தது, குத்தி எடுத்ததில் ஒரு மூணும் பாதி எட்டும் வந்தது. ரெஜினா அக்காவின் தம்பி போட்டோ எடுத்து, பழைய மிசின்களையே சேர்த்து வைக்கிற ஆட்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், அதில் போட்டார். இடுப்பைக் காட்டு, சக்கரத்தைக் காட்டு, படகைப் பக்கவாட்டில் காட்டு என்று எங்கெங்கோ இருந்து கேட்டார்கள். பெண் பார்க்க வந்த மாதிரி மிசினைத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். கடைசியில் ஒருத்தர் தீர்மானமாகச் சொன்னார், இதே வார்ப்பில் இன்னொரு மிசினின் படத்தையும் போட்டார். அச்சு அசல் எங்களுடையதேதான், ஆனால் முதுகில் படத்தோடு. படம் மயிலும் இல்லை, சம்மனசும் இல்லை, ரயிலும் இல்லை, பூவும் இல்லை. வெறும் வளைவு வளைவான கோடு. இது சாதாரண மிசின், நிறையச் செய்தார்கள், தேடினால் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்.

தேடினார்கள். கிடைத்தது. ரெஜினா அக்கா ஒன்று வாங்கினார், பூவாத்தா அக்கா ஒன்று வாங்கினார், பக்கத்துத் தெருவில் ஒன்று வாங்கினார்கள். அதே இடுப்பு, அதே கழுத்து, அதே படகு. முதல் மிதிக்குப் பெண்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தைத்தார்கள், காத்திருந்தார்கள். ஒரு துணியும் வளரவில்லை. பூவாத்தா அக்கா அவருடையதைக் கூடத்து மூலையில் போட்டு அதன் மேல் டிவியைத் தூக்கி வைத்துவிட்டார். “டிவியாவது வளருதான்னு பாக்கறேன்” என்றார்.

“கம்பெனி ஒன்னுதானுங், வார்ப்பு ஒன்னுதானுங். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்” என்று சுப்புராயன் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எந்த மிசின் எது என்று. படத்திலும் நம்பரிலும் அது இல்லை. மூன்றிலும் நான் தைத்துப் பார்த்திருக்கிறேன். என் மிசினின் தையல் ஒன்று நேராக விழுந்தால் அடுத்தது லேசாகச் சாயும், காலை இழுத்து நடக்கிறவர்கள் மாதிரி. ரெஜினா அக்காவுடையது நெல்லை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி நெருக்கமாகத் தைக்கும். பூவாத்தா அக்காவுடையது அடிநூலைத் தளர்த்தி, மறுபக்கத்தில் சின்னச் சின்னக் கண்ணியாக விட்டுக்கொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எனக்குத் தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரிய வேண்டியிருந்தது வேறு. என் மகள் மிதித்து ஓடின மிசின் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை செய்து அவளுக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? மிசினில் பழுதென்றால் நான் சந்தோசமாகச் சோறு தின்பேன். மிசினில் பழுது இல்லை என்பதுதான் கொடி தினமும் எனக்குச் சொன்னது.

ஒரு நாள் துவைத்துக் காயப் போடும்போது பூவாத்தா அக்கா, எப்போதும் போல வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர், அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “கோகிலாவுக்கு என்ன, ஒரே கவுனுல புள்ளயக் கட்டிக் குடுத்துருவா.”

ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நடுவிலேயே நின்றது. நான் கொடியிலிருந்து கவுனை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து அதை வெளியே காயப் போடவில்லை. அடுப்புக்கு மேலே கதவுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அதில் போட்டேன். புகை வாசத்தோடு காய்ந்தது, தாரகை அதைப் போட்டுக்கொண்டு தும்மினாள். வெளியே கொடியில் அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் துணியைத் தள்ளிப் போடாமல், இந்தப் பக்கம் ஜெபின் சட்டை, அந்தப் பக்கம் பூவாத்தா அக்கா சேலை, நடுவில் ஒரு கவுன் அளவு வெறும் கயிறு. பல்லு விழுந்த இடம் மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் பூவாத்தா அக்கா என்னிடம் கொஞ்சம் குறைவாகப் பேசினார். மாவு வாங்கப் போனால் கிண்ணம் நிறைய ஊற்றி, கூடவே ஒரு கரண்டி ஊற்றுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். அவரும் ரெஜினா அக்காவும் சந்தை நாளில் சேர்ந்து போனார்கள், அடுத்த சந்தைக்கும் போனார்கள், சேலை ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். ரெஜினா அக்கா விரல் நுனியெல்லாம் வாழைக்காய் நறுக்கின மாதிரி கறுத்திருந்தது. அவர்கள் வீட்டில் அன்றைக்கு வாழைக்காய் வாசமே வரவில்லை. பூவாத்தா அக்கா வீட்டுக்குள் டிவி தரையில் உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் பார்த்தேன், பார்த்ததோடு சரி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நினைக்கவில்லை.

தைத்த பாவாடையைக் கொடுத்துவிட்டு வருவதற்காக ஒரு நாள் தாரகையைப் பூவாத்தா அக்காவிடம் விட்டுப் போனேன். திரும்பி வந்தால் நடையில் பெண்கள் நின்றார்கள். வேலை செய்கிற மாதிரி நின்றார்கள், யாரும் வேலை செய்யவில்லை. குழாயடியில் ரெஜினா அக்காவின் குடம் நிரம்பி வழிந்து தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது, அவர் நகர்த்தவில்லை. கொடியில் அந்த வெறும் இடத்தில் மஞ்சள் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது, நல்ல வெயிலில். என் கை அகலத்துக்கு நீண்டிருந்தது.

“எடுத்துத் தொவைச்சுப் போட்டேன், புகை நாத்தமா இருந்துச்சுன்னு” என்றார் பூவாத்தா அக்கா. “காயறதுக்குள்ள பாரு கோகிலா. வளந்துருச்சு.”

நான் கிட்டே போனேன். வெளுப்பு அதே வெளுப்பு. எத்தனை தடவை துவைத்து எத்தனை வெயிலில் போட்டார்களோ. இடது மார்பில் வாழைக்காய்க் கறை, அதே இடத்தில், அதே மூக்கு மாதிரி. கழுத்தில் நான் வைத்த அதே நீலப் பட்டன், பழையதிலிருந்து எடுத்துத் தைத்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றைத் தவிர.

வாத்துகள் வளரவில்லை.

கட்டம் வளரும், பூ வளரும், கோடு வளரும் என்று எங்கள் லைனில் பேசத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பள்ளிக்கூடமே அதை வைத்து வரிசை நிற்கிறது. அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து துணி தேடி, சாயம் வெளுக்க வைத்து, கறை வைத்து, பட்டன் மாற்றி, இந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். என் கவுனில் அடி ஓரம் ஒரு வாத்து தலையோடு மடிப்புக்குள் போகும். இதில் அது முழுசாக நின்றது, அதற்குக் கீழே இன்னொரு வரிசை அதே அளவில் நடந்துபோனது. ஓரத்தைத் திருப்பினேன். தளர்ந்த அடிநூல் சின்னச் சின்னக் கண்ணியாக, கோணிக் கோணி, ஒரு இடத்தில் தவறி மறுபடி ஏறி. மிசின் பிடிக்கத் தெரியாத கை. டிவி வைத்திருந்த மிசின்.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பூவாத்தா அக்கா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், அங்கே வேர்வையே இல்லை. ரெஜினா அக்காவின் கண் வாத்துகள் மேல் போனது, போன இடத்திலேயே நின்றது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எத்தனை வருசமாக எனக்கு வராத சத்தம், அத்தனை பேர் நடுவில் வந்தது.

“வாத்துங்ககூடப் பெருசாயிருக்குங்க்கா” என்றேன்.

“ஆமாமா, பெருசாயிருக்கு” என்று ரெஜினா அக்கா குடத்தை நகர்த்தினார். “நல்லாப் பெருசாயிருக்கு” என்றது இன்னொரு குரல். பூவாத்தா அக்கா கொடிப் பக்கம் பார்க்காமலேயே, “தையலு கொஞ்சம் கோணலா இருக்குமாட்ட இருக்கு, வளர்றப்ப கோணிக்கிச்சோ என்னமோ” என்றார்.

“வளர்றப்ப கோணுமுங்க்கா. வழக்கந்தான்.”

“அப்படியா” என்றார். அப்புறம் தாரகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாவு பார்க்கிறேன் என்று உள்ளே போனார், போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அப்படிப்பட்டவர்கள் இந்த லைனில் இருக்கிறார்கள். வளர்கிற துணி தைக்கிற மிசின் ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது, அது எங்கள் வீட்டில் இருக்கிறது, அது பெரிய விசயம்தான். ஆனால் தைக்கவே தெரியாத ஒருத்தர், துணி வளராத மிசினில், வாயால் பேசினதைக் கையால் திருப்பி எடுக்க ராப்பகலாக மிதித்து ஒரு கவுன் தைத்தார் என்றால் அது அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பழைய கவுன் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அன்றைக்கே அந்தக் கவுனை மடியில் வைத்து, பக்கத் தையலைப் பிரிக்க ஊசியைக்கூட எடுத்தேன். பிரித்து என் மிசினில் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், அது நிஜமாகவே வளரத் தெரிந்த கவுனாகிவிடும். யாருக்கும் தெரியாது. ஊசியைக் கண்ணிக்குள் விட்டுத் தூக்கினேன். ஒரு நூல் எழும்பியது, அது தவறி மறுபடி ஏறின இடம். அங்கே ஒரு சின்ன ரத்தப் புள்ளி, துவைத்தும் போகாமல். ஊசியை எடுத்துவிட்டேன். கோணல் கோணலாகவே இருக்கட்டும்.

அதனால் இப்போது எங்கள் லைனில் வளரத் தெரியாத துணி என்று ஒன்றே ஒன்றுதான், தாரகை போட்டிருப்பது. மற்ற அம்மாக்கள் துணியைப் பார்த்தால் போதும், பிள்ளை வளர்ந்ததா என்று அது சொல்லிவிடும். எனக்கு அது ஒன்றும் சொல்லாது. முதல் நாள் போட்டபோது தோள் இறங்கி, ஓரம் தரையைக் கூட்டி, அவள் அதற்குள் தொலைந்துபோன மாதிரி இருந்தாள். மணி அடிக்கிற மாதிரி உள்ளே காலை ஆட்டிக் காட்டினாள். நான் அளக்கவில்லை. கொடியிலேயே காயப் போடுகிறேன், எல்லார் துணிக்கும் நடுவில். மழைக்காலம் போனது, பொங்கல் போனது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஓரம் கணுக்காலில் நின்றது, கணுக்காலில் நின்றதா அல்லது நான்தான் அப்படிப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது, ரெஜினா அக்காவிடம் கேட்கலாம் என்றால் அவர் என்னைப் பார்த்ததும் வேறு பேச்சு எடுக்கிறார், எங்கே வாத்தைப் பற்றிக் கேட்டுவிடுவேனோ என்று. நேற்று அவளைக் குளிக்க வைத்துக் கவுனை மாட்டும்போது முட்டி தெரிந்த மாதிரி இருந்தது. இன்றைக்குக் காலையில் அவசரத்தில் அதையேதான் இழுத்து மாட்டிவிட்டுப் பூவாத்தா அக்கா வீட்டில் விட்டு வந்தேன், கட்டு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, இந்த நாடா மட்டும் உள்ளே சுருண்டுகொண்டது, இதை எடுத்துவிட்டால்

“கோகிலா. ஏ கோகிலா. போட்டது போட்டபடி வா. புள்ளைக்குக் குளிக்க ஊத்தலாம்னு கவுனத் தூக்கறேன், கக்கத்துல புடிச்சுக்கிச்சு, தலைக்கு மேல ஏற மாட்டேங்குது. ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறா, இழுக்க இழுக்கச் சிரிக்கிறா. கத்தரி எடுத்துட்டு வா சாமி, கிழிச்சுத்தான் எடுக்கணும்.”

நான் இந்தப் பாவாடையை இப்படியே ஊக்கோடு வைத்துவிட்டு, கத்தரி எங்கே வைத்தேன், மிசின் பெட்டியில்தான், அதை எடுத்துக்கொண்டு